8,500 டாலருக்குப் பாதி கார்

1928 டிசம்பரில் நியூயார்க் கார் கண்காட்சி ஒன்றில் டூசன்பர்க் நிறுவனம் தன் புதிய ‘ஜே’ மாடலைக் கொண்டுவந்து நிறுத்தியது. விலை 8,500 டாலர். அதற்கு ஓராண்டு முன்னால் வந்த ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரின் விலை 385 டாலர். ஒரு டூசன்பர்க் வாங்கும் பணத்தில் 22 ஃபோர்டு வாங்கித் தெருவையே அடைத்து நிறுத்தியிருக்கலாம். பணக்காரர்கள் வாங்கும் கார், விலை அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 டாலரைக் கொடுத்தாலும் முழுக் கார் கைக்கு வராது. கதவு கிடையாது, சீட் கிடையாது, கூரை கிடையாது. வருவது வெறும் சேசிஸ்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. சேலம்–நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கேபின்கூட இல்லாத லாரி சேசிஸ் ஒன்று வரும். தற்காலிக சீட்டில் டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தில் காற்று அறைய அறைய ஓட்டிக்கொண்டு போவார். கம்பெனியில் சேசிஸ் வாங்கி, நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டக் கொண்டுபோகிறார்கள். 1920களில் அமெரிக்காவின் மிக விலை உயர்ந்த கார்கள் பிறந்ததும் இதே முறையில்தான். அந்தக் காலத்துக் கார்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு விஷயத்தை. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரே ஆண்டு, ஒரே பெயர், ஒரே மாடல் என்று சொல்லப்படும் இரண்டு கார்கள் ஏன் அண்ணன் தம்பி போலக்கூட இல்லை என்ற குழப்பமும் தீரும்.

சேசிஸ் என்றால் நீளமான இரும்புச் சட்டம், அதன்மேல் என்ஜின், கியர்பாக்ஸ், அச்சுகள், சக்கரங்கள், ஸ்டியரிங். முன்பக்கம் ரேடியேட்டரும் பானெட்டும் பெரும்பாலும் கம்பெனியுடையதாகவே இருக்கும். காரின் முகம் அதுதானே, அதை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பாக்கார்டு ரேடியேட்டரின் தோள்பட்டை போன்ற வளைவை வைத்தே, பாடி யார் கட்டியிருந்தாலும் இது பாக்கார்டு என்று சொல்லிவிடலாம். பியர்ஸ்-ஆரோ கார்களில் ஹெட்லைட்டுகள் தனியாக நிற்காமல் முன் மட்கார்டிலேயே புதைந்திருக்கும், தவளைக் கண் மாதிரி. அந்த வடிவத்துக்கு அவர்கள் 1914-இல் காப்புரிமையே வாங்கி வைத்திருந்தார்கள்.

இனி பாடி. அதைக் கட்டுகிறவர்களுக்குக் கோச்பில்டர் என்று பெயர். ‘கோச்’ என்பது குதிரை வண்டி. பெயரிலேயே வரலாறு இருக்கிறது. நியூயார்க்கின் புரூஸ்டர் 1810-இல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த நிறுவனம். மாசசூசெட்ஸின் ஜட்கின்ஸும் வண்டிப் பட்டறைதான். குதிரை போய் என்ஜின் வந்தபோது இவர்கள் தொழிலை மாற்றவில்லை, இழுக்கும் பிராணியைத்தான் மாற்றிக்கொண்டார்கள்.

வேலை எப்படி நடக்கும்? முதலில் ஆசாரி. ஆஷ் என்ற மரத்தை அறுத்து, இழைத்து, காரின் எலும்புக்கூட்டை உருவாக்குவார். கதவு நிலை, ஜன்னல் சட்டம், கூரை வளைவு எல்லாம் மரம். உறுதியாகவும் இருக்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும் என்பதால் அந்த மரம். அதன்மேல் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்துப் போர்த்துவார் தகட்டு வேலைக்காரர், நம் ஊர் டிங்கர் மாதிரி. அப்புறம் பெயிண்ட். பழைய வார்னிஷ் முறையில் பூச்சு காயவே வாரக்கணக்கில் ஆகும். 1920களின் நடுவில் டூபாண்ட் நிறுவனத்தின் டூகோ என்ற வேகமாகக் காயும் பெயிண்ட் பரவியதும் அது மணிக்கணக்காகக் குறைந்தது, வண்ணங்களும் கூடின. கடைசியில் மெத்தை, திரை, மரப்பலகை வேலை. வாங்குகிறவர் துணியின் மாதிரியைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அவர் உயரத்துக்கு ஏற்ப சீட்டின் உயரம், அவர் கோல்ஃப் விளையாடுபவர் என்றால் கோல்ஃப் மட்டைப் பையை நுழைக்கப் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கதவு. துணி எடுத்துக்கொண்டுபோய் நல்ல தையல்காரரிடம் அளவு கொடுக்கிற கதைதான்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கதை லெபாரன் நிறுவனத்துடையது. தாமஸ் ஹிப்பர்டு, ரேமண்ட் டீட்ரிக் என்று இரண்டு இளைஞர்கள். இருவரும் புரூஸ்டரில் வரைவாளர்கள். 1920-இல் வெளியே வந்து நியூயார்க்கில் சொந்தமாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். அவர்களிடம் பட்டறை இல்லை. மரமும் இல்லை, சுத்தியலும் இல்லை. இருந்தது வரைபலகையும் பென்சிலும்தான். ஆனால் பெயரை மட்டும் ‘லெபாரன் கரோசியே’ என்று பிரெஞ்சு வாசனையோடு வைத்துக்கொண்டார்கள். ‘பாரன்’ என்றால் பிரபு, ‘கரோசியே’ என்றால் பாடி கட்டுகிறவர். அப்படி ஒரு பிரபு யாரும் அந்தக் கம்பெனியில் கிடையாது. ஆடம்பரம் என்றால் பாரிஸ் என்று நம்பிய வாடிக்கையாளர்களிடம் அது எடுபட்டது. கார் கட்டாமல் கார் வடிவத்தை மட்டும் விற்கலாம் என்று அமெரிக்காவில் காட்டியவர்கள் இவர்கள். பின்னால் கட்டவும் ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம்.

பாடிகளின் பெயர்கள்தான் புதியவர்களை மிரட்டும். மிரள வேண்டியதில்லை. கூரையையும் ஜன்னல் கண்ணாடியையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. இருவர் அமரும் திறந்த கார் ரோட்ஸ்டர். பின்னால் இன்னொரு சீட் வரிசையும் சேர்ந்த திறந்த கார் பேட்டன். இரண்டிலும் மடக்கும் துணிக்கூரை உண்டு, ஆனால் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் செல்லுலாய்டு வைத்துத் தைத்த பக்கத் திரைகளைப் பொத்தான் போட்டு மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் நனைந்துவிடலாம். துணிக்கூரையோடு ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இருந்தால் அது கன்வர்டிபிள். மடக்க முடியாத கூரை போட்டு மூடிய கார் செடான். அதில் டிரைவருக்கும் முதலாளிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு இருந்தால் லிமோசின்.

இரண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒன்று, டூயல் கவுல் பேட்டன். திறந்த கார்தான், ஆனால் பின்சீட்டுக்காரர்களுக்கும் முன்னால் தனியாக ஒரு தடுப்புத் தகடு, அதன்மேல் ஒரு கண்ணாடி. பின்னால் இருப்பவர் ஏறி இறங்கும்போது அந்தத் தடுப்பு முழுவதையும் தூக்கிவிட வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவராத ஏற்பாடு, ஆனால் அந்தக் காலத்துக் கார்களில் இதைவிட அழகான வடிவம் இல்லை என்பேன். இன்னொன்று, டவுன் கார். இதில் முதலாளி உட்காரும் பின்பகுதி மட்டும் மூடிய அறை, டிரைவர் உட்காரும் முன்பகுதிக்குக் கூரை இல்லை. குதிரை வண்டியில் வண்டிக்காரன் வெளியேதானே உட்கார்ந்தான், அந்தப் பழக்கம் காரிலும் ஒட்டிக்கொண்டது. டிசம்பர் மாத நியூயார்க் பனியில் டிரைவர் நனைவதுதான் அந்தஸ்தின் அடையாளம். இந்த வகைக் கார்களை ரசிக்கும்போதெல்லாம் அந்த முன்சீட்டும் கண்ணில் உறுத்தும்.

சரி, வெளியே இவ்வளவு செலவு. உள்ளே சேசிஸில் என்ன ஆடம்பரம்? வேகம் என்று பலர் நினைப்பார்கள். டூசன்பர்க் போன்ற ஓரிருவர் தவிர மற்றவர்கள் வேகத்தைப் பெரிதாக விற்கவில்லை. அவர்கள் விற்றது அமைதியை.

இதற்குக் கொஞ்சம் என்ஜின் பாடம் வேண்டும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து தள்ளுவது, என்ஜினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரே முறை. நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளல். நின்றுபோன காரை ஒருவர் தள்ளிவிட்டுக் கையை எடுத்த பிறகு அடுத்தவர் வந்து தள்ளினால் கார் விட்டு விட்டு நகரும் அல்லவா, நான்கு சிலிண்டர் என்ஜின் அப்படித்தான் உதறும். எட்டு சிலிண்டர் என்றால் கால் சுற்றுக்கு ஒரு தள்ளல். ஒருவர் கையெடுப்பதற்குள் அடுத்தவர் கை வைத்துவிடுகிறார். உதறல் அடங்கி ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் 1920களின் கடைசியில் ஆடம்பரக் கார் என்றாலே எட்டு சிலிண்டர் என்றானது. காடிலாக்கும் லிங்கனும் நான்கு நான்காக இரு வரிசையில் சாய்த்து வி-8 கட்டின. பாக்கார்டு, டூசன்பர்க், ஸ்டட்ஸ் எல்லாம் எட்டையும் ஒரே நேர்வரிசையில் நிறுத்தின. அந்தக் கார்களின் பானெட் ஏன் ரயில் என்ஜின் மாதிரி நீண்டு கிடக்கிறது என்பதற்குப் பதில் இதுதான். முதலில் தேவைக்காக நீண்டது, பிறகு நீளமான பானெட் என்பதே கௌரவமாகிவிட்டது.

எட்டை வரிசையாக நிறுத்தினால் ஒரு சிக்கல் வரும். கிராங்க் ஷாஃப்ட் நீளமாகிவிடும். நீளமான தண்டின் மேல் எட்டு இடத்தில் மாறி மாறி அடி விழுந்தால், ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி அது லேசாக முறுக்கிக்கொண்டு மீளும். குறிப்பிட்ட வேகங்களில் அந்த முறுக்கல் பெரிதாகி என்ஜினே நடுங்கும். ஜே மாடலில் ஃபிரெட் டூசன்பர்க் இதற்குச் செய்த வைத்தியம் விசித்திரமானது. கிராங்க் ஷாஃப்டோடு பாதரசம் அடைத்த இரண்டு குப்பிகளைச் சேர்த்துப் பொருத்தினார். குப்பி முழுக்க நிரம்பாமல் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். தண்டு நடுங்கும்போது உள்ளே பாதரசம் அலைந்து அந்த நடுக்கத்தை விழுங்கிவிடும்.

அந்த என்ஜினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். 6.9 லிட்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, அவற்றைத் திறக்க மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். இன்றைய காரின் விவரக்குறிப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் ஆண்டு 1928. நிறுவனம் சொன்ன சக்தி 265 குதிரைத்திறன். மற்ற ஆடம்பரக் கார்கள் அப்போது 90-இலிருந்து 125-க்குள் நின்றுகொண்டிருந்தன. 265 என்பது விளம்பரக் கணக்கு, உண்மையில் அவ்வளவு வராது என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொண்டாலும் பக்கத்தில் யாரும் இல்லை. நீளமான சேசிஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மட்டும் 153.5 அங்குலம், கிட்டத்தட்ட 13 அடி. நம் மாருதி ஆல்ட்டோவை முழுசாக அந்த இடைவெளிக்குள் நிறுத்திவிடலாம். டேஷ்போர்டில் சிறு விளக்குகள் உண்டு. 700 மைல் ஓடியதும் எண்ணெய் மாற்றச் சொல்லி ஒன்று எரியும், 1,400 மைலுக்கு ஒருமுறை பேட்டரித் தண்ணீரைப் பார்க்கச் சொல்லி இன்னொன்று. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் பல்சக்கரங்கள் எண்ணிச் சொல்கிற கணக்கு.

ஓட்டுவது எப்படி இருந்திருக்கும்? அந்தக் காலத்து கியர்பாக்ஸைத் தெரிந்துகொண்டால் டிரைவருக்கு ஏன் மதிப்பு இருந்தது என்பது புரியும். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை அப்படியே கோர்த்தால் பல்லும் பல்லும் மோதி ‘கர்ர்ர்’ என்று தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகவே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, மேல் கியருக்கு என்றால் என்ஜின் வேகம் இறங்கக் கொஞ்சம் காத்திருந்து, கீழ் கியருக்கு என்றால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். எவ்வளவு காத்திருப்பது என்பதைக் காதுதான் சொல்லும்.

1929 மாடல் காடிலாக்கில் இது மாறியது. எர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு, பெயர் சிங்க்ரோமெஷ். பற்கள் கோர்ப்பதற்கு முன் கூம்பு வடிவப் பரப்புகள் இரண்டு ஒன்றோடொன்று உரசி, இரண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் அதோடு நாலு எட்டு ஓடி, வேகத்தைச் சரிக்கட்டிவிட்டுத்தானே படியில் கால் வைக்கிறார், அதே தந்திரம். இன்று நாம் கை போன போக்கில் கியர் மாற்றுகிறோமே, அந்தச் சுகம் இங்கிருந்து ஆரம்பம். என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய ஆடம்பரம் டூசன்பர்க்கின் 265 குதிரை அல்ல, இந்தச் சின்னக் கூம்புதான். ஏனென்றால் டிரைவர் வைக்காமல் முதலாளியே ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம் என்ற தைரியத்தை இது கொடுத்தது.

முதலாளியே ஓட்டலாம் என்றால் டவுன் காரும் லிமோசினும் எதற்கு? கோச்பில்டர்களின் பிழைப்பில் மண் விழ ஆரம்பித்த இடங்களில் இதுவும் ஒன்று. பொதுவாக 1929 அக்டோபர் பங்குச் சந்தைச் சரிவுதான் இந்தத் தொழிலைக் கொன்றது என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நோய் பிடித்துவிட்டது என்று படுகிறது.

லிங்கனை எடுத்துக்கொள்வோம். காடிலாக்கைத் தொடங்கிய ஹென்றி லீலண்டு, அங்கிருந்து விலகி உருவாக்கிய இரண்டாவது நிறுவனம் அது. தன் முதல் ஓட்டை ஆபிரகாம் லிங்கனுக்குப் போட்டவர் என்பதால் அந்தப் பெயர். என்ஜின் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கார் பார்க்க மந்தமாக இருக்கும், வியாபாரமும் படுத்துவிட்டது. 1922-இல் ஃபோர்டு அதை 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சலுக்கு நல்ல ரசனை. அவர் லெபாரன், ஜட்கின்ஸ், புரூன் போன்ற கோச்பில்டர்களிடம் ஒவ்வொரு வடிவத்தையும் ஒன்றொன்றாக அல்லாமல் மொத்தமாக ஆர்டர் கொடுத்து, அவற்றைக் கேட்லாக்கில் போட்டு விற்றார். வாங்குகிறவர் படத்தைப் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, பெயிண்டும் துணியும் மட்டும் சொன்னால் போதும். விலை இறங்கியது, காத்திருப்பும் குறைந்தது. தையல்காரரிடமிருந்து ரெடிமேடுக்குப் போகிற வழியில் பாதித் தூரம்.

மீதித் தூரத்தைக் கடந்தது ஜெனரல் மோட்டார்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் ஆட்களுக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்த ஹார்லி எர்லை அழைத்து, தங்களுடைய காடிலாக்கின் தம்பி போல ஒரு காரை வடிவமைக்கச் சொன்னார்கள். 1927-இல் வந்த அந்த லாசால், தொழிற்சாலையில் வரிசையாகச் செய்த கார்தான், ஆனால் பார்வைக்குத் தனியாகக் கட்டியது போல் இருந்தது. அதே ஆண்டு நிறுவனத்துக்குள்ளேயே வடிவமைப்புக்கென்று ஒரு தனிப் பிரிவு திறந்து எர்லின் கையில் கொடுத்தார்கள். களிமண்ணில் காரைப் பிசைந்து வடிவம் பார்க்கும் பழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். அழகுக்குக் கோச்பில்டரிடம் போக வேண்டியதில்லை என்றானது. எர்லின் அப்பாவே வண்டிப் பாடி கட்டியவர் என்பதுதான் இதில் வேடிக்கை.

சரிவு வந்தபோது ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தவர்கள் படுத்தார்கள். பின்பலம் உள்ள காடிலாக்கும் லிங்கனும் தப்பின. 1920களின் பின்பாதியில் விலை உயர்ந்த கார்களில் அதிகம் விற்ற பாக்கார்டு, 1935-இல் ஆயிரம் டாலர் அளவில் ஒரு மலிவு மாடலை இறக்கிப் பிழைத்தது. மார்மன், ஃபிராங்க்ளின், ஸ்டட்ஸ், பியர்ஸ்-ஆரோ எல்லாம் 1930களைத் தாண்டவில்லை. கிளீவ்லாந்தின் பியர்லெஸ் கார் செய்வதை விட்டுவிட்டு, மதுவிலக்கு நீங்கியதும் அதே தொழிற்சாலையில் பீர் காய்ச்ச ஆரம்பித்தது. டூசன்பர்க் 1937 வரை தள்ளாடியது. ஜே மாடலில் மொத்தம் செய்தது 480 அளவில்தான்.

‘விண்டேஜ்’ என்ற சொல்லையும் இங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். பழைய கார் எல்லாம் விண்டேஜ் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பிரிட்டிஷ் வழக்கில் முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1930 வரை செய்த கார்தான் விண்டேஜ், அது பணக்காரர் காராக இருந்தாலும் ஏழை காராக இருந்தாலும். அமெரிக்காவில் 1952-இல் தொடங்கிய கிளாசிக் கார் கிளப் வேறு மாதிரி பிரித்தது. அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் ஆண்டு மட்டும் போதாது, கார் தரத்திலும் உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே 1929 பாக்கார்டு இரண்டு கணக்கிலும் வரும். 1929 ஃபோர்டு மாடல் ஏ விண்டேஜ்தான், ஆனால் அந்தக் கிளப்பின் பட்டியலில் கிளாசிக் ஆகாது.

இன்று இந்தக் கார்களை ஏலத்தில் எடுப்பவர்கள் கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்பதில்லை. இந்தச் சேசிஸோடு இந்த பாடி எப்போது சேர்ந்தது என்றுதான் கேட்கிறார்கள். பாடியைக் கழற்றி வேறு பாடி மாட்டலாம் என்பதால் அந்தக் காலத்திலேயே பலர் மாட்டினார்கள். பின்னாளில் திறந்த கார்களுக்கு மவுசு கூடியதும் நல்ல லிமோசின் பாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேட்டனாக மாற்றியவர்களும் உண்டு. சேசிஸ் எண், என்ஜின் எண், பாடி எண் என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். கண்காட்சியில் இப்படி ஒரு கார் நின்றால் நேராக முன்னால் போகாதீர்கள். பக்கவாட்டில், முன்கதவுக்குக் கீழே ஃபுட்போர்டை ஒட்டிக் குனிந்து பாருங்கள். நகத்தளவில் ஒரு தகடு இருக்கும். அதில் பாடி கட்டியவரின் பெயர், மர்ஃபி என்றோ லெபாரன் என்றோ டர்ஹம் என்றோ எழுதியிருக்கும்.